சாட்சிக்கு வந்த படம்

கழுதை செத்த பள்ளம் என்கிற தங்க முகாமில் லெமுவேல் டட்டிலை விட மோசமாகத் தோண்டுகிறவன் யாரும் கிடையாது. இதை அவனே சொல்லிக்கொள்வான், அதுவும் பெருமையாக. தோண்டத் தெரியாதவன் என்று முதலில் ஒப்புக்கொண்டால்தானே, நான் தோண்டப் பிறந்தவன் இல்லை, படம் போடப் பிறந்தவன் என்று அடுத்த வாக்கியத்தைச் சொல்ல முடியும்? அந்த அடுத்த வாக்கியத்துக்காகத்தான் முதல் வாக்கியமே. ஆனால் கேட்கிறவர்கள் முதல் வாக்கியத்துக்கு மட்டும் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

கலிபோர்னியாவுக்கு வருவதற்கு முன்னால் அவன் வெர்மான்ட் பக்கம் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தான். ரொட்டிக்கடைக்கு ரொட்டி, செருப்புக்கடைக்கு பூட்ஸ். அவன் எழுதிய ரொட்டிக்கடைப் பலகையைப் பார்த்துவிட்டு ஒரு ஆள் உள்ளே நுழைந்து பூட்ஸ் கேட்டதாக ஒரு கதை உண்டு. லெமுவேல் அதை மறுப்பதில்லை. அந்த ஆளுக்குக் கண் மங்கல் என்று மட்டும் சொல்வான்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்திரண்டாம் வருஷம், மழைக்கு முந்தைய மாதங்கள். லெமுவேலுக்குக் குழியில் இரண்டு கூட்டாளிகள். ஒருவர் ஜாகோ பென்ரோஸ், கார்ன்வால்காரர், ஐம்பதைத் தாண்டியவர், பிறந்ததிலிருந்தே சுரங்கத்தில் கிடந்த மனிதர். இன்னொருவன் ஏமஸ், மெய்ன் பக்கத்து மரம்வெட்டி, வாயைத் திறந்தால் சத்தம்தான். மூன்று பேரும் ஓடைக்கரையில் கோடை முழுக்க ஒரே குழியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் தோண்டினார்கள், மூன்றாமவன் ஒளி எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான் என்பதுதான் சரி.

பள்ளத்தில் எல்லோரும் தேடியது அடிப்பாறையை. பொன் கனம், மண்ணுக்குள் இறங்கி இறங்கி அடிப்பாறையில்தான் போய்ப் படுத்துக்கொள்ளும். அங்கே போய்ச் சேருகிற வரைக்கும் குழி கைவிட்டுப் போகாமல் காக்க வேண்டும். அதற்குப் பத்திரம், பூட்டு ஒன்றும் கிடையாது. குழிக்குள் ஒரு மண்வாரியோ பிக்காசோ கிடந்தால் குழிக்கு ஆள் உண்டு என்று அர்த்தம். ஒன்றும் இல்லாவிட்டால் குழி அநாதை. வருகிறவன் தன் பிக்காசைப் போட்டானானால் அது அவனுடையது. கழுதை செத்த பள்ளத்தில் விஸ்கியைத் திருடுவார்கள், செத்தவன் பூட்ஸைக் கழற்றுவார்கள். ஆனால் துருப்பிடித்த மண்வாரி ஒன்று கிடந்தாலும் அந்தக் குழியில் ஒருவனும் காலை வைக்க மாட்டான்.

இந்த நிலையில்தான் சாராயக்கடை ஹைரம் ஒருநாள் லெமுவேலைக் கூப்பிட்டான்.

"கடைச் சுவரு மொட்டையா இருக்குப்பா லெம். குடிக்கிறவன் நிமிந்து பாக்க ஏதாச்சும் வேணும். இல்லன்னா ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துட்டு அடிச்சுக்கறானுங்க."

"என்ன போடட்டும்?"

"நம்ம ஞாயித்துக்கிழமையப் போடு. ஆட்டம், பாட்டு, சீட்டு, குதிரைப் பந்தயம். கொஞ்சம் கஷ்டத்தையும் சேத்துப் போடு. கஷ்டத்தப் பாத்தாத்தான் மனுசனுக்குக் குடிக்கத் தோணும்."

லெமுவேலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கூலி என்று ஒன்றும் இல்லை, படம் முடிகிற வரைக்கும் பீன்ஸும் பன்றிக்கறியும் ஹைரம் கணக்கு. அவன் அதைக்கூடக் காதில் வாங்கவில்லை. கிழிந்த வண்டிப் படுதாவை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினான். ஓடைக்கரைச் செம்மண், விளக்குக் கரி, பலகாரம் விற்கிற விதவை ஓட்வே அம்மா துணிக்குப் போடுகிற நீலம் என்று வண்ணம் சேர்த்தான். இடது பாதி சந்தோஷம், வலது பாதி கஷ்டம் என்று பிரித்தான். பிரித்த பிறகுதான் தெரிந்தது, கஷ்டத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.

கஷ்டத்துக்கு அங்கே பஞ்சமா என்ன? பாதிப் பேருக்குக் காய்ச்சல், மீதிப் பேருக்கு ஈறில் ரத்தம். ஆனால் படம் என்றதும் அத்தனை பேரும் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு சந்தோஷத்தின் பக்கம் வந்து நின்றார்கள். பெலேக் என்கிறவன் போர்வையோடு நடுங்கிக்கொண்டே எழுந்து வந்து ஆட்டக்காரர்களுக்கு நடுவில் நின்றான்.

"பெலேக், நீ அந்தப் பக்கம் படுத்திருந்தா நல்லா இருக்கும்ப்பா."

"எங்கம்மா பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"உங்கம்மா ஒஹையோவுல இருக்காங்க. ஹைரம் கடைக்குக் குடிக்கவா வரப்போறாங்க?"

"அதெல்லாம் தெரியாது. நான் ஆடுறேன். ஆடுற மாதிரியே போடு."

பை என்கிற வட்டமான பழப் பலகாரம் சுட்டு விற்கிற ஓட்வே அம்மாவைத் துணி துவைக்கிறவளாகப் போடலாம் என்று நினைத்தான். "தொவைக்கிற மாதிரி போட்டேன்னு வெச்சுக்க, கைய ஒடிச்சு அடுப்புல வெச்சிடுவேன்" என்றாள் அவள். அவளும் பைக் கூடையோடு இடது பக்கம் போய்விட்டாள். கடைசியில் உலகத்துக் கஷ்டம் மொத்தமும் ஜாகோ ஒருவர் தலையில் விழுந்தது. அவர் ஏற்கெனவே கூடாரத்தில் கால் வீங்கிக் கிடந்தார். அவர் மறுக்கவில்லை. மறுப்பதற்கு எழுந்து உட்கார வேண்டும்.

வீக்கம் முழங்காலுக்கு ஏறியதும் ஏமஸ் பயந்துவிட்டான். மாதக்கணக்கில் உப்புக்கறியைத் தின்றதால் வந்த வியாதி, பச்சை உருளைக்கிழங்கும் வெங்காயமும் தின்றால்தான் தீரும். அது கிடைப்பது கீழே ஆற்றுத்துறை ஊரில். ஏமஸ் அவரைக் கோவேறு கழுதை மேல் ஏற்றிக் கட்டினான். கிளம்பும்போது ஜாகோ லெமுவேலின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தோண்டு. முடியலன்னா சும்மா ஒக்காந்திரு. ஆனா குழிக்குள்ள சாமான் கெடக்கணும். புரியுதா?"

"என்ன பெருசு, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றே."

"சின்னப் புள்ளைக்குச் சொன்னா புரிஞ்சிடும்டா." அவர் மூச்சு வாங்கினார். "அடிப்பாறை கிட்டத்துல வந்திடுச்சு. கடப்பாரைய எறக்கினா சத்தம் மாறுது. இன்னொரு குழி தோண்ட என் ஒடம்புல தெம்பு இல்ல லெம். எனக்கு இதுதான் கடைசி. பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் என்று லெமுவேல் சத்தியம் செய்தான். மனசாரத்தான் செய்தான். அந்த மனுஷர் மேல் அவனுக்கு உயிர். இரண்டு வருஷமாக அவனுடைய பங்கையும் சேர்த்துத் தோண்டியவர் அவர்.

மறுநாள் குழி ஓரத்தில் படத்தின் முன்னால் உட்கார்ந்தான். இடது பக்கம் ஆட்டம் போட்டது, வலது பக்கம் ஜாகோ கிடந்தார், நடுவில் ஒன்றுமில்லை. வெறும் கல்லும் மண்ணும். கண் நிற்க ஓர் இடம் வேண்டும். குழிக்குள் எட்டிப் பார்த்தான். மண்வாரி கிடந்தது. அதை எடுத்து மரக்கட்டையில் சாய்த்து வைத்தான், வெயில் அதன் தகட்டில் விழுந்தது. இதுதான்! ஒரு பக்கம் கூத்து, ஒரு பக்கம் கண்ணீர், நடுவுல இது!

அன்று சாயங்காலம் மண்வாரியை மறக்காமல் திரும்பக் குழியில் போட்டான். அடுத்த நாள் வைத்தபோது நிழல் வேறு மாதிரி விழுந்தது. போச்சுடா என்று தலையில் அடித்துக்கொண்டான். அதன் பிறகு மண்வாரியைக் கட்டையிலேயே விட்டுவிட்டான். அதனால் என்ன, பிக்காசு குழிக்குள் இருக்கிறதே? அதற்கும் அடுத்த நாள், மண்வாரி தனியாக நிற்பது சரியில்லை, பக்கத்தில் பிக்காசு இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்று தோன்றியது. நான்தான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேனே, என்னை விடவா ஒரு பிக்காசு பெரிய காவல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்புறம் சாப்பிடப் போனான், தூங்கப் போனான். காவலும் அவன் கூடவே சாப்பிட்டுத் தூங்கியது.

ஒரு காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தால் குழிக்குள் கிடியன் கிரவுச் நிற்கிறான். ஓடையின் அக்கரைக்காரன். அவனுடைய குழி வறண்டு போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

"யோவ்! அது எங்க குழி!"

"அப்படியா? உள்ள ஒண்ணும் கெடக்கலையே."

"மண்வாரி அதோ இருக்குல்ல!"

"அங்க இருக்கு. இங்க இல்ல" என்றான் கிடியன். சொல்லிவிட்டுத் தோண்ட ஆரம்பித்தான். அவன் பக்கம் சட்டம் இருந்தது, அதனால் குரலை உயர்த்தக்கூட இல்லை.

ஜாகோவும் ஏமஸும் திரும்பி வந்தபோது லெமுவேல் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது. "சாமான் எப்படி வெளிய வந்துச்சுன்னே தெரியல" என்றான். வெட்கம் கெட்ட நாக்கு! ஏமஸ் அதைக் கேட்டதும் பொங்கிவிட்டான். கிடியன்தான் எடுத்து வெளியே போட்டிருக்கிறான், திருட்டுப் பயல், பஞ்சாயத்தைக் கூட்டு என்று பள்ளம் முழுக்கக் கத்திக்கொண்டு போனான். ஜாகோ லெமுவேலின் விரல் இடுக்குகளில் காயாமல் இருந்த செம்மண் வண்ணத்தைப் பார்த்தார். அவர் ஓர் அறை கொடுத்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஹைரம் கடை முன்னால் பள்ளமே கூடியது. ஹைரம்தான் தலைவர், ஒரு விஸ்கிப் பீப்பாய்தான் மேசை. ஏமஸ் கத்தி முடித்ததும் கிடியன் எழுந்தான்.

"சாமான நான் எடுத்து வெளிய போட்டேங்கிறான். நான் எதுக்குப் பேசணும்? படத்தக் கொண்டாங்க. அதுவே சொல்லும்."

முடிந்த படத்தை ஹைரம் முந்தின நாளே கடைக்குள் தூக்கி வைத்துவிட்டான். அது மாட்டப்படும் நாளைப் பற்றி லெமுவேல் எத்தனையோ விதமாகக் கனவு கண்டிருந்தான். ஜனம் வாயடைத்து நிற்கும், ஒருவன் கண்ணைத் துடைப்பான், சாக்ரமெண்டோ பட்டணத்திலிருந்து ஆள் வருவான். ஒரு கனவிலும் அது வழக்கு சாட்சியாக வரவில்லை.

படத்தைக் கொண்டுவந்து பீப்பாய் மேல் சாய்த்து வைத்தார்கள். ஜனம் வாயடைத்துத்தான் நின்றது.

"குதிரைப் பந்தயம்னு சொன்னானே. குதிரை எங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"அதோ, மூலைல."

"அதுவா குதிரை? நான் அடுப்புன்னுல்ல நெனச்சேன்!"

"சும்மா இருங்கடா" என்றான் கிடியன். "நடுவுல பாருங்க. மண்வாரி கட்டைல சாஞ்சு நிக்குது. பக்கத்துல பிக்காசு. குழி வாய் காலி. இத இவன் நாள் பூரா ஒக்காந்து பாத்துப் பாத்துப் போட்டிருக்கான். என்னா ஒரு வேலை! தகட்டுல வெயில் எப்படி வழியுது பாருங்க. இவ்வளவு அசலாப் போட்டவன் இல்லாததயா போடுவான்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவன் லெமுவேலின் படத்தைப் பற்றி இப்படிப் பேசினான். அந்த ஒருவன் அவர்கள் குழியைப் பறிக்க வந்தவன். பாழாய்ப்போன மனசுக்கு அது உறைக்க வேண்டாமா? குளிர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டானா என்று காத்திருந்தது. லெமுவேலுக்குத் தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

ஏமஸ் குதித்தான். "இருக்கிறத இருக்கிற மாதிரி போடுற ஆளா இவன்? இந்தப் படத்த நம்பியா தீர்ப்பு? தலைவரே, சாட்சி கேளுங்க. படத்துல இருக்கிறவங்களையே கேளுங்க!"

கேட்டதுதான் தாமதம். மடை திறந்தது.

பெலேக் முதலில் வந்தான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "எனக்குப் பத்து வெரலு. எல்லாரும் பாத்துக்கங்க. இப்ப படத்துல எண்ணுங்க. பதினொண்ணு!"

எண்ணினார்கள். பதினொன்றுதான்.

ஓட்வே அம்மா முன்னால் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் இடுப்புல கூடை வெச்சிருக்கிறவ. இவன் கூடைக்கு இடுப்பு வெச்சிருக்கான். அந்தப் பாவிகிட்ட நீலம் வேற குடுத்தேனே!"

"வானத்துல என்ன ரெண்டு சூரியன்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஒண்ணு சூரியன் இல்ல, என் கூடைலேருந்து விழுற பை" என்றாள் அவள் இன்னும் கடுப்பாக.

ஹைரம் தொண்டையைச் செருமினான். "தலைவராச் சொல்லல, கடைக்காரனாச் சொல்றேன். படத்துல என் கடை சாஞ்சிருக்கு. நான் குடிச்சுட்டுப் பாத்தப்பகூட அது நேராத்தான் நின்னுச்சு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஒருவன் தன் தாடி எங்கே என்று கேட்டான், இன்னொருவன் தன் மனைவிக்கு இதைக் காட்டினால் விவாகரத்து நிச்சயம் என்றான். லெமுவேலும் சிரித்தான். சிரிக்காவிட்டால் அழுதுவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு சாட்சியும் குழியை ஒரு அடி காப்பாற்றியது, அவனை ஒரு அடி புதைத்தது. இதில் கேவலம் என்னவென்றால், சொன்னதெல்லாம் உண்மை. அந்த விரல்களை இப்போது அவனே எண்ணிப் பார்த்தான்.

கிடியன் மட்டும் விடவில்லை. "மத்தது எப்படியோ போகட்டும்யா! மண்வாரிய மட்டும் பாருங்க! அதப் பாத்துட்டு பொய்யின்னு சொல்லுங்க!"

"மண்வாரி வந்து சொல்லட்டும், கேக்கறோம்!" என்று யாரோ கத்த, மறுபடி சிரிப்பு.

ஹைரம் கையைத் தூக்கினான். வேதப்புத்தகத்தை எடுத்து லெமுவேல் கையில் வைத்தான்.

"லெம், நீ போட்ட படம். நீயே சொல்லு. இத நம்பலாமா, கூடாதா?"

மாவு மூட்டை மேல் ஜாகோ காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் பச்சை உருளைக்கிழங்கு, கடித்தபோது ஈறிலிருந்து கசிந்த ரத்தம் அதில். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. லெமுவேலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. இன்னொரு குழி தோண்ட முடியாத மனுஷர், அவ்வளவுதான்.

மண்வாரி அசலா இல்லையா என்று ஹைரம் கேட்டிருந்தால், வேதப்புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு லெமுவேல் என்ன சொல்லியிருப்பானோ. நல்ல வேளை, ஹைரம் படத்தைப் பற்றித்தான் கேட்டான்.

"எனக்குப் படம் போடத் தெரியாதுங்க" என்றான் லெமுவேல்.

இத்தனை வருஷத்தில் யார் யாரோ சொல்லியும் அவன் வாயால் வராத வார்த்தை. வந்த பிறகு நாக்கு வறண்டுவிட்டது. ஆனால் கூட்டம் தொப்பிகளை வானத்தில் எறிந்தது. கைகள் உயர்ந்தன, குழி பழைய கூட்டாளிகளுக்கே என்று தீர்ப்பானது. வந்தவர் போனவர் எல்லாம் லெமுவேலின் முதுகில் தட்டினார்கள். "மொத தடவையா உண்மையப் பேசிட்டடா!" என்று பெலேக் அவனைக் கட்டிக்கொண்டான். பதினோரு விரலும் முதுகில் பட்ட மாதிரி இருந்தது.

கூட்டம் கலைந்ததும் ஜாகோ கேட்டார், "மண்வாரி வெளியதான இருந்துச்சு?"

"ஆமா பெருசு."

"நெனச்சேன்." உருளைக்கிழங்கை மென்று விழுங்கினார். "போய் எடுத்து உள்ள போடு. நாளைலேருந்து நீயும் தோண்டுறே."

மறுநாள் நிஜமாகவே தோண்டினான். முழங்கால் வரைக்கும் ஐஸ் தண்ணீர். மேலே ஜாகோ காலை நீட்டிக்கொண்டு அவன் வாரிக் கொடுப்பதைத் தட்டில் அலசினார், ஏமஸ் மரம் வெட்டப் போயிருந்தான். கொஞ்ச நேரத்தில் ஓடைக்கரையோடு கிடியன் வந்தான். முதுகில் மூட்டை, கையில் பிக்காசு. பள்ளத்தை விட்டுப் போகிறான். லெமுவேல் மண்வாரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அடிக்க வந்திருப்பான், அடித்தாலும் நியாயம்தான் என்று நினைத்தான்.

கிடியன் குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தான். ஜாகோவுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"வழக்குக்காகப் பேசினேன்னு நெனைக்காதே. வழக்கு முடிஞ்சிடுச்சு, இனிமே எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. போகுமுன்ன சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். நானும் நாளெல்லாம் மண்வாரி பிடிக்கிறவன்தான், ஒரு நாள் அதப் பாத்ததில்ல. கைபட்டு கைபட்டு அந்தப் பிடி வழவழன்னு தேஞ்சிருக்கே, அதப் போட்டிருக்கே பாரு. அதப் பிடிச்சவன் எவ்வளவு களைச்சிருப்பான்னு தெரிஞ்சுது. மத்ததெல்லாம் குப்பை. அது ஒண்ணு போதும்யா. நீ படக்காரன்தான்."

வெர்மான்ட்டிலும் இல்லை, வந்த வழியிலும் இல்லை, ஒரு நாயும் லெமுவேலிடம் சொல்லாத வார்த்தை. குழியை விட்டு ஏறிப் போய் அவனைக் கட்டிக்கொண்டு, ஆமாய்யா, அது அசல்தான், நீ ஒருத்தன்தான்யா பாத்தே என்று கத்த வேண்டும் போலிருந்தது. மேலே ஜாகோ தட்டை ஆட்டுகிற சரசர சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இல்லப்பா" என்றான் லெமுவேல். "அதுவும் சரியா வரல."

கிடியன் அவன் முகத்தைப் பார்த்தான். "சரி. நீ சொன்னா சரி" என்று எழுந்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனான்.

லெமுவேல் குனிந்து மண்ணை வாரினான், வாரி வாரிப் போட்டான். கண்ணை மறைத்துக்கொண்டு நீர் வந்தது, எங்கே வாருகிறோம், எங்கே போடுகிறோம் என்று ஒன்றும் தெரியவில்லை.

"டேய் லெம்!" என்று மேலேயிருந்து ஜாகோ கத்தினார். "வெளிய கொட்டுடா! வாரினத திரும்பக் குழிக்குள்ளயே கொட்டிட்டிருக்கே!"